லாப ஈவு அறிவித்த நாள்

மலேசியாவின் லாபுவில் மழைக்கு ஒதுங்கிய ஒட்டுக்கடையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் போகிற நம் ஆட்களைப் போல, காற்றுக்குப் போடும் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தார். கடை டிவியில் அந்த வருஷத்துச் சேமநிதி லாப ஈவை அறிவித்தார்கள். உடனே அந்த அம்மா சிங்கப்பூரில் இருக்கும் தங்கச்சியை போன் ஸ்பீக்கரில் கூப்பிட்டார்.

“வருஷா வருஷம் இந்தப் போட்டிதான்லா,” என்றார் கடைக்காரர். தொழிலாளியின் ஓய்வுகாலச் சேமிப்பு எந்த நாட்டுச் சேமநிதியில் வேகமாகக் கூடுகிறது என்பதுதான் போட்டி.

“உங்க வட்டி எங்க ஈவு கிட்டகூட வரலடி!”

“அக்கா, எங்க ஒரு சிங்கப்பூர் வெள்ளி உங்க மூணு மலேசிய வெள்ளிக்குச் சமம்.”

“பேச்ச மாத்தாத. எவ்வளவு இருக்குன்னா கேட்டேன்? எது வேகமா வளருதுன்னுதான் கேட்டேன்!”

கடையே கைதட்டியது. அந்த அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி போடச் சொன்னார்.

“உங்களுக்கு இந்த வருஷம் நல்லா ஏறியிருக்கும் போல,” என்றேன்.

“எனக்கு ஏது சேமநிதி? நான் கான்ட்ராக்டுல செம்பனைப் பழம் பொறுக்குறவ. எனக்கு யாரு கட்டுறா?”

“அப்புறம் ஏம்மா இவ்வளவு சந்தோஷம்?”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஜெயிச்சது நாமதான்லா!”

மழை விட்டதும் ஹார்ன் அடித்துக்கொண்டே போனார்.

அடுத்த வருஷ அறிவிப்பு வந்தபோது, என் கணக்கைத் திறப்பதற்கு முன் சிங்கப்பூரில் எவ்வளவு என்று தேடினேன். ஜெயித்திருந்தோம். ஆபீஸில் எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கினேன். எதற்கென்று கேட்டவர்களுக்குச் சொல்ல எனக்கும் அந்த அம்மா சொன்ன ஒரே பதில்தான் இருந்தது.