அச்சு வேகும் ஏழு நிமிடம்

மேசையின் தலைப்பக்கத்தில் இருந்த கைப்பிடி நாற்காலியை மேனேஜரே தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தார். பிறகு எங்களைப் போலவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, எனக்கும் சங்கத் தலைவருக்கும் நடுவில் போட்டுக்கொண்டார். எங்கள் ரப்பர் தொழிற்சாலையில் கூட்டுக் குழு முதன்முதலாகக் கூடிய நாள் அது. நிர்வாகத்தில் நான்கு பேர், தொழிலாளர்களில் நான்கு பேர். "எதிரெதிரா உக்காந்தா சண்டைதான் வரும், நைனா. கலந்து உக்காருங்க" என்றார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், வயது பார்க்காமல் எல்லோரையும் நைனா என்றே அழைப்பார். ஆட்கள் விவகாரத்தைக் கவனிக்கும் மேனேஜர். நான் ரப்பரை அச்சில் அழுத்தி வேகவைக்கும் பிரஸ் பிரிவில் ஆபரேட்டர். பள்ளி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுபவன் என்பதால் கூட்டத்தில் பேசுவதை எழுதும் வேலை எனக்கு வந்தது. பத்தேகாலுக்கு என்று அறிவித்த கூட்டம் பத்து பதினேழுக்குத் தொடங்கியது.

அதற்கு முன்பெல்லாம் சங்கமும் நிர்வாகமும் பேசிக்கொண்டது கேட் வழியாகத்தான். உள்ளிருந்து நோட்டீஸ் வரும், வெளியிலிருந்து கோஷம் போகும். குழு வந்த பிறகு நல்லது நடந்தது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. பிரஸ் பிரிவின் அனலை வெளியே தள்ள மின்விசிறிகள் வந்தன. பொதட்டூர்பேட்டை கடைசி பஸ்ஸைப் பிடிக்க வசதியாக இரண்டாவது ஷிப்ட் கால் மணி நேரம் முன்னால் நகர்ந்தது. பதிலுக்கு நாங்கள் ரப்பர் வீணாவதைக் குறைத்துக் காட்டினோம். என் மகளின் காதுகுத்துக்கு மேனேஜர் வீட்டுக்கு வந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார். இவர் சொன்னால் நம்பலாம் என்று அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

தீராமல் இருந்தது ஆடிக் கிருத்திகை ஒன்றுதான். எங்கள் பக்கம் அன்று காவடி எடுக்காத தெரு கிடையாது. லீவு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆட்கள் திருத்தணி மலைக்குப் போய்விடுவார்கள். மறுநாள் மெமோ வரும், அதற்கு மறுநாள் தகராறு. அந்த வருடம் தலைவருக்கும் ஒரு வேண்டுதல். அவர் மனைவி பெரிய அறுவை சிகிச்சையிலிருந்து பிழைத்து எழுந்திருந்தார். குழுவில் மேனேஜர் கேட்டார்: "அன்னிக்கி எத்தினி பேரு இருந்தா பிரஸ்ஸு நிக்காம ஓடும்? எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க, மீதிப் பேருக்கு நானே லீவு போட்டுத் தர்றேன்."

பதில் எங்களுக்குத் தெரியும், சொல்லத்தான் தயக்கம். அதற்குக் காரணம் இருந்தது. அச்சுக்குள் ரப்பரை வைத்து மூடினால் அது வேக ஏழு நிமிடம் ஆகும். அந்த ஏழு நிமிடத்தில் ஆபரேட்டர் சூட்டைவிட்டுத் தள்ளி நிற்பார், தண்ணீர் குடிப்பார், பக்கத்தில் உட்கார்ந்து, வெந்த ரப்பரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை வெட்டும் உதவியாளருக்குக் கைகொடுப்பார். அதே நேரத்தில் இன்னொரு பிரஸ்ஸையும் ஓட்ட முடியும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வெளியே சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டதுகூட இல்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒரு ஆளு ரெண்டு பிரஸ் பாத்துக்கலாம் சார். பிசிறு மறுநாள் வெட்டிக்கலாம். ஆனா அந்த ஒரு நாளுக்குத்தான்" என்றார்.

"ஆங், ஒரு நாளுக்குத்தான். எழுதிக்கோ, நைனா."

எழுதினேன். எந்தப் பிரஸ்ஸோடு எதைச் சேர்த்து ஓட்டலாம், இரண்டுக்கும் நடுவில் நடக்க எத்தனை அடி, எத்தனை நிமிடம் மிச்சம் என்று பட்டியலே போட்டேன். யாரும் என்னிடம் அவ்வளவு கேட்கவில்லை. மேலே 'கிருத்திகை நாளுக்கு மட்டும்' என்று எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, எட்டுப் பேரிடமும் கையெழுத்து வாங்கினேன்.

அந்தக் கிருத்திகைக்கு மெமோ வரவில்லை. பாதி ஆட்களை வைத்தே வேலையை முடித்தோம். மறுநாள் தலைவர் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து மேனேஜரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போனபோது பலகையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இனி எல்லா நாளும் ஆளுக்கு இரண்டு பிரஸ். பிசிறு வெட்டும் வேலை வெளியே கொடுக்கப்படும். உதவியாளர்கள் ஒன்பது பேரும் நாளை முதல் வர வேண்டியதில்லை. தொழிலாளர் பிரதிநிதிகள் தாங்களே முன்வைத்த முறை இது. கீழே என் கையெழுத்தில் இருந்த பட்டியலின் நகல். மேல் வரியை மட்டும் காகிதத் துண்டு வைத்து மறைத்து நகல் எடுத்திருந்தார்கள். அந்தத் துண்டின் ஓரம் மெல்லிய கோடாக விழுந்திருந்தது.

என் பிரஸ்ஸில் பிசிறு வெட்டிய அக்கா திருவாலங்காட்டுப் பக்கத்திலிருந்து வருபவர். நின்று நிதானமாகப் படித்தார். "உன் கையெழுத்து முத்து முத்தா கீதுன்னு சொல்லிகினு இருப்பனே தம்பி. இப்பதான் தெரியுது, அதுல இன்னா எழுதினன்னு."

மேனேஜரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

"மேல இருந்து கேட்டாங்க, நைனா. முடியும்னு நீங்கதானே ஓட்டிக் காட்டினீங்க?"

"அந்த ஒரு வரியை மறைச்சது யாரு சார்?"

மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "அது தேவைப்படல" என்றார்.

கூட்ட நடவடிக்கைப் புத்தகம் அவருடைய அலமாரியில்தான் இருந்தது. சங்கம் கேட்டபோது காணவில்லை என்றார்கள். அன்றைய வாசகம் முழுவதும் என் நாட்குறிப்பில் இருந்தது. நானே எழுதி வைத்துக்கொண்டதை ஆதாரமாக ஏற்க முடியாது என்றார்கள். தலைவர் பதவியை விட்டார். கூட்டுக் குழு அதற்குப் பிறகு கூடவேயில்லை. நான் மட்டும் அதே இடத்தில், இரண்டு பிரஸ்களுக்கு நடுவில், நானே அளந்த அடிகளை இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் திருத்தணி ரயில் நிலையத்தில் மேனேஜரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். தரிசனம் முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு சென்னை வண்டிக்குக் காத்திருந்தார். அவர்தான் முதலில் அடையாளம் கண்டார்.

"இப்ப கம்பெனி கம்பெனியா போயி வகுப்பு எடுக்கறேன், நைனா. சங்கமும் நிர்வாகமும் எப்படி ஒத்துப் போறதுன்னு. நம்ம கிருத்திகைக் கதையைத்தான் சொல்வேன். எல்லாரும் கை தட்டுவாங்க."

"அந்த ஒன்பது பேரைப் பத்தியும் சொல்வீங்களா சார்?"

"எந்த ஒன்பது பேரு?"

அவர் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். இத்தனை வருடம் அந்த முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியை நான் கற்பனை செய்து வைத்திருந்தேன். அதற்கான இடமே அங்கே இல்லை.

ஒவ்வொரு பெயராக, ஊரோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கினேன். நான்காவது பெயரில் வண்டி வந்துவிட்டது. என் தோளைத் தட்டிவிட்டு ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கையசைத்தார். வண்டி நகர்ந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. மீதி ஐந்தையும் சொன்னேன். கடைசியாக வந்தது அந்த அக்காவின் பெயர். அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பெஞ்சில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் ஒருவர் பிளாட்பாரத்தை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "யாரைங்க கூப்புடுறீங்க?" என்று கேட்டார்.