என் பெயரில் இருந்த சேமிப்பு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் கனடாவில், வோபர்ன் பக்கம் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். என் கணவருக்கு மிசிசாகாவில் தொழிற்சாலை வேலை. நான் பாதி நேரம் பொதி கட்டப் போவேன். என் சம்பளம் வரி கட்டும் அளவுக்கு வந்ததே இல்லை. அதனால் ஒவ்வொரு பெப்ரவரியும் இவர் மிச்சம் பிடித்த காசை ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் என் பெயருக்குப் போடுவார். போட்டவருக்கு அந்த வருட வரி குறையும். வயது போனபின் எடுக்கும்போது அது என் சின்ன வருமானத்தோடு சேரும், அப்போதும் வரி குறைவு. எங்களுக்கு வரிக்கணக்குச் செய்து தருகிறவர் காட்டிய வழி அது. "எல்லாம் மனிசியின்ரை பேரிலைதான்" என்று இவர் ஆட்களிடம் பெருமையாகச் சொல்லுவார்.

அந்தக் காசில்தான் நான் கைவைத்தேன்.

என் தங்கச்சி கொழும்பில் ஒரு லொட்ஜில் அடைபட்டுக் கிடந்தாள். வெளிநாடு அனுப்புவதற்கு ஏஜென்ட் ஒரு கிழமைக்குள் பணம் கேட்டான். இவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முன் என் அண்ணனுக்காக இவர் கட்டிய காசை இன்னொரு ஏஜென்ட் விழுங்கிவிட்டிருந்தான். அதைப் பற்றி இவர் ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இரண்டாம் தரமும் கேட்கத் துணிவு வந்திருக்கும்.

தனியே வங்கிக்குப் போய்க் கையெழுத்து வைத்தேன். வரிக்கென்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தார்கள். வரிதான் கட்டியாயிற்றே, இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். தங்கச்சி மூன்று மாதத்தில் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தாள். அங்கிருக்கும் மாமா காசு கொடுத்ததாக இவருக்கு ஒரு கதை சொன்னேன். அன்றிலிருந்து இவருக்கு மாமா பெரிய மனிதராகிவிட்டார். ஒருநாள் போன் எடுத்து நன்றி சொல்ல வேண்டும் என்பார். நல்ல காலம், அப்போதெல்லாம் பிரான்ஸுக்குப் பேசினால் பில் ஏறும்.

பெப்ரவரி கடைசியில், நான் எடுத்த காசுக்கான வரித்துண்டு வங்கியிலிருந்து வந்தது. என் பெயர்தான். ஆனால் ஒரு கட்டத்துக்குள், வரிக் கந்தோர் ஆளை அடையாளம் காணும் சின் நம்பர், இவருடையதும் இருந்தது. பிள்ளைகளின் குளிர் உடுப்புப் பைக்குள் அதை ஒளித்துவிட்டு, எங்கள் கணக்கைச் செய்யும் வரிக்காரருக்குப் போன் எடுத்தேன். என் சிநேகிதி ஒருத்திக்கு ஒரு பிரச்சினை என்று தொடங்கினேன்.

"காசைப் போட்டது ஆர், அக்கா?"

மனுசன்தான், போன வருசமும் போட்டவர் என்றேன்.

"அப்ப அது அவரின்ரை வருமானத்திலைதான் ஏறும். போட்ட வருசமும் பிறகு இரண்டு வருசமும் மனிசி அதை எடுக்கக் கூடாது." பிறகு சொன்னார்: "சிநேகிதியை முதல் மனுசனுக்குச் சொல்லச் சொல்லுங்கோ."

அதைச் சொல்லத்தான் என்னால் முடியவில்லை. காலையில் எழும்பும்போது இன்றைக்குச் சொல்லுவோம் என்றிருக்கும். இவர் களைத்து வந்து சோற்றில் கைவைத்ததும் நாளைக்குப் பார்ப்போம் என்றாகிவிடும். இவரோ வரி ரிஃபண்ட் வந்ததும் காரைத் திருத்துவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ரிஃபண்டை நான் ஏற்கெனவே தின்றுவிட்டேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, இருவரும் வரிக்காரரின் பேஸ்மென்டில் போய் இருந்தோம். எல்லாக் கடதாசிகளுக்கும் கடைசியாக அந்தத் துண்டை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இவருடைய வருமானம் இவ்வளவால் கூடுகிறது, ரிஃபண்ட் இல்லை, மேலதிகமாகக் கட்டவும் வேண்டிவரும் என்று மெதுவாக விளங்கப்படுத்தினார்.

இவர் துண்டை எடுத்துப் பார்த்தார்.

"அண்ணை, இது உங்களுக்குத் தெரியுந்தானே?" என்று வரிக்காரர் கேட்டார்.

"ஓம். நான்தான் எடுக்கச் சொன்னனான்."

நான் தலை நிமிரவில்லை. வெளியாள் முன்னால் என்னை விட்டுக்கொடுக்க இவருக்கு மனம் வரவில்லை. காரில் ஏறியதும் அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினேன். "தங்கச்சி போய்ச் சேர்ந்திட்டாள்தானே, அது காணும்" என்று நிறுத்திவிட்டார். மாமாவுக்குப் போன் எடுக்கும் கதையை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. காரையும் திருத்தவில்லை. வரியைத் தவணையாகக் கட்டினார்.

அடுத்த பெப்ரவரியில் வேலை முடிந்து வங்கிக்குப் போய்வந்து ரசீதை மேசையில் வைத்தார். அதில் இவருடைய பெயர் மட்டும் இருந்தது.

"என்ரை பேரிலை போடேல்லையோ?"

"இல்லை. என்ரை பேரிலையே கிடக்கட்டும்" என்றார். குரலில் கோபமே இல்லை. தேத்தண்ணி இருக்கிறதா என்றும் அதே குரலில்தான் கேட்டார். அன்றைக்கு என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால், அழுது தீர்த்திருப்பேன்.