குடைத்துணி வௌவால்

நான் வரைந்த வௌவால் ஒன்று விண்வெளிக்குப் போய்வந்தது என்று சொன்னால் இன்றைக்கும் ஆபீசில் ஒருவரும் நம்புவதில்லை. சிரித்துவிட்டு, "அப்புறம்?" என்கிறார்கள். அப்புறம் என்ன, போயிற்று, பத்திரமாகத் திரும்பியும் வந்தது. ஆனால் அது கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டு நடு அறையில், என் அத்தையின் தையல் மெஷினில், மாமாவின் புதுக் குடையை வெட்டிப் பிறந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும். அதைக் கேட்கும் பொறுமை ஆபீசில் யாருக்கும் இருப்பதில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எங்கள் அறிவியல் டீச்சர் ஒருநாள் பாடத்தைத் தொடாமல் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ராக்கெட்டின் உச்சியில் ஒரு சின்ன அறை. அதில் பட்டை போட்டுக் கட்டியபடி நான்கு பேர் சாய்ந்து படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு துணிப் பொம்மை நூலில் தொங்குகிறது. ராக்கெட் சீறிக்கொண்டு ஏறுகிறவரை பொம்மை கல்லைக் கட்டிவிட்டதுபோல நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்ஜின் நின்றதும் நூல் தளர்கிறது. பொம்மை மிதக்கத் தொடங்குகிறது. உடனே அந்த நான்கு பேரும் கைதட்டுகிறார்கள். பொம்மை மிதந்துவிட்டால் விண்வெளி வந்துவிட்டது என்று அர்த்தமாம். சுற்றிலும் அத்தனை திரைகளும் மீட்டர்களும் இருக்க, ஒரு துணிப் பொம்மையைப் பார்த்துத்தான் அவர்கள் சந்தோஷப்பட்டார்கள் என்பது எனக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த பயணத்துக்கான பொம்மையை உலகத்தில் எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் வரைந்து அனுப்பலாம் என்றார் டீச்சர். வகுப்பே குனிந்து வரைந்தது. மயில்கள் பிறந்தன, யானைகள் பிறந்தன. ஒருவன் காங்கேயம் காளையின் கொம்புக்கு நடுவே ராக்கெட்டையே நிறுத்தி வைத்தான். எனக்கு டீச்சர் சொன்ன ஒரு விஷயம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மேல், கீழ் என்பதே கிடையாதாம். அப்படியானால் மயில் தலைகீழாக அல்லவா மிதக்கும்? யானை நாலு காலையும் தூக்கிக்கொண்டு மிதந்தால் பாவமாக இருக்காதா? எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஆலமரம் இருந்தது. அதில் பகலெல்லாம் வௌவால்கள் தொங்கும். எப்படி வைத்துப் பார்த்தாலும் சங்கடப்படாத பிராணி அது ஒன்றுதான் என்று முடிவு செய்தேன். வரைந்து, அடியில் ஒரு வரி எழுதினேன்: இதற்கு எந்தப் பக்கமும் நேர்ப்பக்கம்தான். டீச்சர் அதை இங்கிலீஷில் மாற்றி, எல்லார் படங்களோடும் சேர்த்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் சொன்னபோது அம்மா அரிவாள்மனையை விட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வௌவாலா? ஏஞ்சாமி, அது ஊட்டுக்குள்ள வந்தாலே ஆகாதும்பாங்க. அதையப் போயி ராக்கெட்டுல ஏத்தறீங்களாக்கும்?"

நான் அதை மறந்தே போயிருந்த ஒரு சாயங்காலம், டீச்சர் ஸ்கூட்டரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உலகம் பூராவும் இருந்து வந்த படங்களில் கடைசியாக விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிச்சம் வைத்திருக்கிறார்களாம். அதில் என் வௌவாலும் உண்டாம். இனி அதைத் துணியில் தைத்து மாதிரி காட்ட வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், பொத்தான் கூடாது, மணி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பஞ்சு உதிரவே கூடாது. ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்தால் ஒரு இழைகூட வரக்கூடாதாம்.

"பஞ்சு உதுந்தா என்னாங்க?" என்று கேட்டார் அம்மா.

"அங்க தூசி கீழ விழாதுங்க. காத்துலயே மெதந்துட்டு இருக்கும். மூச்சு இழுத்தா உள்ள போயிரும். கண்ணுல போகும், மெஷினுக்குள்ள போகும்" என்றார் டீச்சர்.

அப்பா அப்போதுதான் தறிக்குடோனிலிருந்து வந்திருந்தார். "அப்ப நம்ம குடோனாட்டத்தான்னு சொல்லுங்க!" என்றார். எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அவருடைய சிரிப்பு வழக்கம்போல இருமலில் போய் முடிந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமலே தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

எங்கள் வீட்டை ஒட்டித்தான் தறிக்குடோன். காலையிலிருந்து தறிகள் ஓடும், பஞ்சு பறக்கும். சோற்றை மூடாமல் வைக்க முடியாது. சாமி படங்களுக்கெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை தாடி முளைக்கும். அப்பா தறியை விட்டு வரும்போது புருவமும் மீசையும் நரைத்த கிழவராக வருவார். குளித்துவிட்டு வந்தால் வாலிபராகிவிடுவார். தினமும் கண்ணெதிரே நடந்த அந்த மாயத்தைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். இப்படிப்பட்ட வீட்டில்தான் பஞ்சே உதிராத ஒரு பொம்மையைச் செய்தாக வேண்டியிருந்தது.

அத்தை பக்கத்துத் தெருவில் இருந்தார். அப்பாவின் தங்கை. பனியன் கம்பெனியில் குழந்தைகளுக்கான சட்டை தைக்கிறவர். டீச்சர் போன கையோடு மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்துவிட்டார். முதலில் பனியன் துணியில் ஒரு வௌவாலைத் தைத்தார். தொட்டால் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம்போல் மெத்தென்று இருந்தது. டேப்பை அழுத்தி எடுத்தோம். டேப்புக்கு மீசை முளைத்துவிட்டது. அடுத்ததாக, கோயமுத்தூருக்குப் பஸ் ஏறிப்போய் வெல்வெட் வாங்கி வந்தோம். அது பனியனைவிட மோசம். வெட்டின ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "பஞ்சு இல்லாத துணிய நா எங்கீன்னு போயித் தேடறது?" என்று சலித்துக்கொண்டார். எனக்கு யானையையே வரைந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

அந்த வாரத்தில் ஒருநாள் நல்ல மழை. அத்தையைக் கூட்டிப்போக மாமா வந்தார். கையில் புதுக் கறுப்புக் குடை. வாசலில் நின்று அதை ஒரு உதறு உதறினார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. ஒரு சொட்டுகூடத் துணியில் தங்கவில்லை. அத்தை எழுந்து போய்க் குடையைத் தடவிப் பார்த்தார். முந்தானையால் துடைத்துவிட்டு டேப்பை ஒட்டி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். டேப் கண்ணாடியாக இருந்தது.

"ஏனுங்க, இந்தக் குடைய எங்கீங்க வாங்குனீங்க?"

மாமாவுக்குத் தன் பொருளைப் பற்றி யாராவது கேட்டால் போதும். கடை, கம்பி, கைப்பிடி எல்லாவற்றையும் விவரித்தார். அவர் கைப்பிடிக்கு வரும்போது அத்தை கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

"ஏம்புள்ள, மழ இன்னம் உடவே இல்லியே!" என்று மாமா கத்தினார். குடையின் ஒரு பக்கம் அதற்குள் போய்விட்டிருந்தது.

மறுநாள் அம்மா நடு அறையை மூன்று முறை துடைத்தார். வௌவால் ஆகாது என்று சொன்ன அதே அம்மாதான். ஜன்னல் கண்ணாடிகளைச் சாத்தி, கதவுக்கு அடியில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்தார். அத்தையும் நானும் அம்மாவும் தலைக்குக் குளித்து, ஈரத் துண்டால் முடியைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தோம். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது. அப்பா எட்டிப் பார்த்ததும் அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க உள்ள வராதீங்க. உங்க மேல இருக்கற பஞ்சுக்கு ஒரு மெத்தையே தெக்கலாம்."

அப்பா போய் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். கண்ணாடியில் மூக்கு படும்படி நின்று பார்த்தார். அவ்வப்போது கண்ணாடியைத் தட்டி யோசனை சொன்னார். "காத இன்னங் கொஞ்சம் பெருசா வெய்யி அம்மணி" என்று அவர் அத்தையிடம் கத்தியது எங்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. இருமல் வந்தால் மட்டும் கண்ணாடியை விட்டுத் தள்ளிப்போய், குனிந்து இருமி முடித்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் எங்கள் மேல் வைத்த மரியாதை என்று நினைத்து எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அத்தை வெட்டின ஓரங்களை ஊதுவத்தி நெருப்பால் லேசாகத் தொட்டுத் தொட்டு உருக்கினார். இனி நூல் பிரியாது. இறக்கை இரண்டையும் ஒரே துண்டில் வெட்டி, மடிப்பு வைத்து உடம்போடு சேர்த்தார். உள்ளே திணிக்கவும் குடைத்துணியையே சன்னமாக நறுக்கிப் போட்டார். அம்மா முகத்துக்குக் கண் தைத்தார். "கொஞ்சம் சிரிச்சாப்பல இருக்கட்டும். மொறச்சா அவிங்க பயந்துக்குவாங்க" என்றார். டேப்பை ஒட்டினோம். ஒன்றுமே வரவில்லை. திருப்பி ஒட்டினோம். அப்போதும் வரவில்லை. அத்தை கையில் அது இறக்கையை மடித்துக்கொண்டு, தூங்கிப்போன குழந்தையைப்போலக் கிடந்தது.

மாதிரியையும் அளவுகளையும் அனுப்பினோம். எனக்கென்று அதேபோல இன்னொன்றும் அத்தை தைத்துக் கொடுத்தார். பிறகு சேதி வந்தது: என் வௌவால்தான் போகிறது. டீச்சர் பள்ளிக்கூட வாசலிலேயே என்னைத் தூக்கிச் சுற்றினார். ஆனால் நாங்கள் தைத்தது போகாது என்றும் ராக்கெட் அனுப்புகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். தீப்பிடிக்காத ஒரு துணி அவர்களிடம் இருக்கிறதாம். அத்தையின் அளவை வைத்து அங்கேயே புதிதாகத் தைத்துக்கொள்வார்களாம். நான் அழுதுவிட்டேன். அத்தை என் மூக்கைத் துடைத்துவிட்டு, "அளவு நம்முளுது கண்ணு. அளவு போனா நாமளே போன மாதிரிதான்" என்றார். எனக்கு அது சமாதானமாகவே இல்லை.

ராக்கெட் கிளம்பிய நேரம் நமக்குச் சாயங்காலம். டீச்சர் தன் போனை எங்கள் டிவியில் இணைத்தார். அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் வந்துவிட்டது. அப்பா போய்த் தறிகளை நிறுத்தினார். கரண்ட் போனால் தவிர எங்கள் வீட்டில் அப்படியொரு அமைதி இருந்ததே கிடையாது. பேசினால் யாருடைய குரலோ போல இருந்தது. அப்பா குளித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஆனாலும் பழக்கதோஷத்தில் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். அம்மா கூப்பிட்டதற்கு, "இருக்கட்டும். இங்கிருந்தே நல்லாத் தெரியுது" என்றார்.

ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்பியது. பிறகு அந்தச் சின்ன அறையைக் காட்டினார்கள். நான்கு பேர். அவர்களுக்கு முன்னால், நூலில், என் வௌவால். அம்மா தைத்த சிரிப்பை அப்படியே தைத்திருந்தார்கள். அறை அதிர்ந்துகொண்டிருந்தது. வௌவால் இறக்கையை இறுக்கி மூடிக்கொண்டு நூலை இழுத்தபடி விறைத்து நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே உறைந்துவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். மாமா டிவியின் தலையில் இரண்டு தட்டு தட்டினார். "அவிங்களுக்கு ஒண்ணும் ஆயிருக்காதுங்களே?" என்று அம்மா யாரையோ கேட்டார்.

படம் திரும்பி வந்தபோது இன்னும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. பிறகு சட்டென்று அதிர்வு நின்றது.

நூல் தளர்ந்தது. வௌவால் மெதுவாக, யாரோ உள்ளங்கையில் வைத்துத் தூக்குவதுபோல, மேலே வந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மடிந்திருந்த இறக்கைகள் இரண்டும் தாமாக விரிந்தன. பூமியில் எப்போதும் தொங்கிக் கிடந்த அந்த மடிப்பு, எடை போனதும் பூ மாதிரி அவிழ்ந்து, முழுசாக நீண்டு நின்றது.

"ஐயோ சாமி!" என்றார் அத்தை. "நா விரிச்சுத் தெக்கவே இல்லியே! அதா விரிக்குது பாருங்களே!"

அறையே கத்தியது. என்னால் கத்த முடியவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்து, காதுக்குள் எதுவும் கேட்கவில்லை. அது உயிரோடு இருக்கிறது, இத்தனை நாளாக நாங்கள்தான் அதைக் கீழே பிடித்து வைத்திருந்தோம் என்று தோன்றியது. என் மடியில் இருந்த குடைத்துணி வௌவாலை எடுத்தேன். தலைக்கு மேலே உயர்த்தி, கையை விட்டேன். அது பொத்தென்று தரையில் விழுந்தது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நான் எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். மறுபடி விழுந்தது. அப்போதும் எனக்கு வருத்தமாக இல்லை.

டீச்சர் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சந்தடியில் அப்பா உள்ளே வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். திரையில் அந்த நால்வரில் ஒரு அம்மாள் வௌவாலை விரல் நுனியால் லேசாகத் தட்டிவிட்டுச் சிரித்தார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, அவிங்க இழுக்கற காத்துல ஒரு துளி பஞ்சுகூட இருக்காதா?"

"ஒண்ணுகூட இருக்காதுங்கப்பா. இருந்தா மூச்சுக்கு ஆகாதுன்னு அத்தன பேரும் பாத்துப் பாத்து வெச்சிருக்காங்க" என்றேன், எல்லாம் என் ஏற்பாடு என்பதுபோல.

"அத்தன பேருமா?"

"ஆமாங்கப்பா."

அப்பா தரையில் கிடந்த குடைத்துணி வௌவாலை எடுத்து என் மடியில் வைத்தார். பிறகு, "நல்லா இருக்கட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து, தறிகளை ஓட்டக் குடோனுக்குப் போனார். வௌவாலைத்தான் வாழ்த்துகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பெருமையாகத் தலையாட்டினேன்.