கை கொடுக்காத உக்கிரபாண்டி

உக்கிரபாண்டியைத் திமிர் பிடித்தவன் என்று சொன்னவர்கள் எங்கள் செஸ் கிளப்பிலேயே நிறையப் பேர். அவர்கள் நாக்கு அழுகிப் போகட்டும். கப்பலூர்ப் பட்டறையில் லேத்து ஓட்டுகிறவன், ஷிப்டு முடிந்ததும் பஸ் பிடித்து ஆரப்பாளையத்தில் இருக்கும் கிளப்புக்கு வந்து ஆடுவான். யாருக்கும் கை கொடுக்க மாட்டான். ஜெயித்தாலும் தோற்றாலும் கும்பிடுதான். அதற்குக் காரணம் வெள்ளைத்துரை.

1981இல் திருமங்கலத்தில் ஒரு போட்டி. கடைசிச் சுற்றில் டிரா ஆனாலே உக்கிரபாண்டிக்கு மாவட்ட அணியில் இடம். எதிரே கூடவே பழகிய வெள்ளைத்துரை. இரண்டு பக்கமும் காய்கள் சமம்.

"போதும்ண்ணே, டிரா பண்ணிக்கிருவோம்" என்று அவன் கை நீட்டினான்.

"சரி மாப்ள" என்று இவன் கை கொடுத்தான். ஆட்டத் தாளில் கையெழுத்தும் போட்டான். முடிவு எழுதும் இடம் காலியாக இருந்ததைக் கவனிக்கவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கரும்பலகையில் இவனுக்குத் தோல்வி.

"தோத்துத்தானே கை குடுத்தாரு" என்றான் வெள்ளைத்துரை. படுபாவி. கையெழுத்து இருக்கிறதே என்று நடுவரும் கையை விரித்துவிட்டார். அணிக்குப் போனது வெள்ளைத்துரை. அன்றிலிருந்து உக்கிரபாண்டி, சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக்கூடக் கை கொடுக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து மதுரைப் போட்டியில் மறுபடி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அதே நடுவர். உக்கிரபாண்டி அவசரப்படவே இல்லை. சிப்பாய், குதிரை, யானை என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கடைசியில் வெள்ளைத்துரையின் ராஜா மூலையில் தனியாக நின்றது. அவன் கை நீட்டினான்.

உக்கிரபாண்டி கையைக் கட்டிக்கொண்டு நடுவரைக் கூப்பிட்டான். "சார், இவரு கை நீட்டுறாரு. எதுக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."

பக்கத்து மேசைகளில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தோத்துட்டேன் சார்" என்றான் வெள்ளைத்துரை.

"இங்கயா, திருமங்கலத்துலயா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. பக்கத்து மேசையில் இருந்த எனக்கு வயிறு குளிர்ந்தது.

"அன்னிக்கு டிரா" என்று முனகினான்.

"சாருக்குக் கேக்கல."

"அன்னிக்கு டிராதான் சார். நான்தான் ஜெயிச்சதா எழுதிக் குடுத்துட்டேன்."

அப்போதுதான் உக்கிரபாண்டி கை கொடுத்தான். லேத்துப் பிடித்த கை. வெள்ளைத்துரையின் முகம் கோணியது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. நடுவர் பேனாவை எடுத்தார்.

"நீங்க முடிவை எழுதுங்க சார்" என்றான் உக்கிரபாண்டி. "அதுவரைக்கும் இவரு எழுதுற கை என்கிட்டயே இருக்கட்டும்."