மூடிக்குள் கிடந்த சான்றிதழ்

ஜெராக்ஸ் அக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. அதற்கு மருந்தும் கிடையாது, பத்தியமும் கிடையாது. கையில் வருகிற காகிதத்தையெல்லாம் படித்துவிடுவாள்.

பதிவு அலுவலகத்துக்கு எதிரே பத்தடிக்கு எட்டடியில் கடை. பத்தொன்பது வருஷமாக ஊராரின் பிறப்பு, படிப்பு, கல்யாணம், விவாகரத்து, சாவு எல்லாம் அந்த மெஷினின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்து போயிருக்கின்றன. குப்புறப் போடுவதற்கு முன்னால் மல்லாக்க வைத்து ஒரு பார்வை பார்ப்பது தன் உரிமை என்று அவள் நினைத்தாள். பார்த்ததோடு விட்டாலும் பரவாயில்லை. வீட்டுப் பத்திரம் கொண்டு வருகிறவரிடம் தம்பிக்கு விஷயம் தெரியுமா என்று கேட்பாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டு கொண்டு வருகிறவரிடம், சர்க்கரை இந்த லட்சணத்தில் இருக்கும்போது வாயில் என்ன மெல்கிறீர்கள் என்று கேட்பாள். ரோஷப்பட்டுச் சிலர் அடுத்த தெருக் கடைக்குப் போனார்கள். அங்கே எல்லா நகலிலும் நடுவே ஒரு கறுப்புக் கோடு விழுந்ததால், ரோஷத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

கடையின் மறுபாதியில் அவள் கணவர் லேமினேஷன் போடுவார். அவர் நேர் எதிர். எதையும் படிக்க மாட்டார், பார்க்கவும் மாட்டார். ஒரு பட்டச் சான்றிதழோடு எறும்பு ஒன்றையும் சேர்த்து லேமினேட் செய்து கொடுத்தவர். பட்டதாரி சண்டைக்கு வந்தபோது, எறும்புக்கும் இனிமேல் தண்ணி பட்டால் ஒன்றும் ஆகாது என்று சமாதானம் சொன்னார். அடுத்தவன் தட்டில் எட்டிப் பார்க்கிற புத்தி ஒருநாள் வசமாக மாட்டிவிடும் என்று மனைவியிடம் வாரம் ஒருமுறை சொல்வார். அவளும் வாரம் ஒருமுறை எறும்பை ஞாபகப்படுத்துவாள்.

அவர் சொன்ன அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது.

காலை ஒன்பதரைக்கு, பார்த்தறியாத ஒருவர் ஒரு ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, தேய்ந்த செருப்பு. "அக்கா, எல்லாத்துலயும் ரெண்டு காப்பி" என்றார். அக்கா படித்தாள். லிஃப்ட் மெக்கானிக். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு மணிக்கு வேலைக்கான நேர்காணல். அசல் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அனுமதி கிடையாது என்று கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

அடுத்து வந்தது பழைய கம்பெனி கொடுத்த காகிதம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூடத் தாமதமாக வராதவர் என்று முதல் வரியில் எழுதி, இனி வர வேண்டாம் என்று மூன்றாம் வரியில் முடித்திருந்தார்கள். அக்காவுக்குக் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இரண்டாம் வரியிலாவது ஏதாவது இருக்குமா என்று மறுபடி படித்தாள். "நன்றி" என்ற ஒரு சொல் இருந்தது. மனசுக்குள் அந்தக் கம்பெனியின் வம்சத்தையே இழுத்துப் போட்டுத் திட்டிக்கொண்டு, கை தன்பாட்டுக்கு மிச்சக் காகிதங்களையும் நகலெடுத்து அடுக்க, ஃபைலை நீட்டினாள். போதாததற்கு ஒரு புத்திமதி வேறு: "ஒரிஜினல் எல்லாம் பத்திரமா வெச்சுக்குங்க."

அவர் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அதன்பின் மெஷினில் பேப்பர் சிக்கிக்கொண்டது. கணவர் அதன் வயிற்றைத் திறந்து, அரைமணி நேரம் வைத்தியம் பார்த்து, கை முழுக்கக் கறுப்போடு எழுந்தார். அடுத்த ஆளாகத் தண்ணீர் கேன் போடுகிறவர் தன் லைசென்ஸை நீட்டினார். அக்கா மூடியைத் தூக்கினாள். உள்ளே லிஃப்ட் மெக்கானிக்கின் தொழிற்பயிற்சிச் சான்றிதழ், அசல், குப்புறப் படுத்திருந்தது.

மணி பத்து இருபது.

ஃபோன் பண்ண வேண்டியதுதானே என்றார் கணவர். நம்பர் தெரியாது. அந்த மனிதரின் அப்பா பெயர், பிறந்த தேதி, உடம்பில் மச்சம் இருக்கும் இடம் எல்லாம் அக்காவுக்குத் தெரியும். நம்பரை மட்டும் அவள் எப்போதும் படிப்பதில்லை. நம்பரில் என்ன கதை இருக்கிறது?

"அந்த ஆள் மறந்து விட்டுட்டுப் போயிட்டார்" என்றாள்.

"அவர் எங்க விட்டார்? மூடி உன் பக்கம்தானே இருக்கு" என்றார் கணவர். எதையும் படிக்காதவர் அதை மட்டும் சரியாகப் படித்தார்.

தண்ணீர் கேன்காரர் வண்டிச் சாவியைச் சுற்றினார். போன மாதம் அவருக்குப் பார்த்த பெண்ணின் வீட்டார் வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை வரிசையில் நின்றவர்கள் கேட்க வாசித்தவள் அக்கா. இருந்தாலும், "ஏறுங்கக்கா. ஆனா என் லைசென்ஸ படிக்காம மடியில வெச்சுக்குங்க" என்றார்.

பின்னால் நாற்பது காலிக் கேன்கள் தடதடக்க வண்டி ஓடியது. 'நீங்க மறந்து விட்டுட்டுப் போயிட்டீங்க' என்ற வாக்கியத்தை அக்கா வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது சிக்னலில் அது அவளுக்கே உண்மை மாதிரி கேட்க ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில், சைக்கிள் நிறுத்துமிடத்தின் படியில் அவர் உட்கார்ந்திருந்தார். காகிதங்கள் எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. பறக்காமல் இருக்க ஒன்றின் மேல் செருப்பை வைத்திருந்தார். அது அந்தக் கம்பெனிக் காகிதம்தான். வாசல் வாட்ச்மேன் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தில் மணி பத்து ஐம்பது.

சான்றிதழைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் விட்டுவிட்டதாக நினைத்து, வீட்டுக்கே கிளம்பலாம் என்று இருந்தாராம். "என் மறதிக்கா. என் தலையெழுத்து. உங்களுக்கு வேற இவ்ளோ அலைச்சல்" என்றார்.

அவள் தப்பிக்க, கேட்காமலே கதவைத் திறந்து வைத்துவிட்டார். தலையைக் குனிந்து அதன் வழியாக நழுவியிருக்கலாம். ஆனால் செருப்புக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த 'நன்றி' அவள் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

"மறதி உங்களோடது இல்ல. நான் உங்க பேப்பரப் படிச்சிட்டிருந்தேன். அந்த மும்முரத்துல உள்ளயே விட்டுட்டேன்" என்றாள்.

"எந்தப் பேப்பர?"

"எல்லாத்தையும்."

திட்டு விழும் என்று அக்கா முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள். அவரோ ஃபைலின் அடியிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். "அப்ப இதையும் கொஞ்சம் படிங்க. அவசரத்துல கண்ணாடிய வீட்லயே வெச்சிட்டேன். சரியா எழுதிருக்கேனான்னு தெரியல."

அக்கா நின்றபடியே படித்தாள். மூன்றாம் பக்கத்தின் கீழே கட்டம் வெறுமையாக இருந்தது. "கையெழுத்தே போடல" என்றாள். தன் ரவிக்கையில் செருகியிருந்த கடைப் பேனாவைக் கொடுத்து, கட்டத்தின் மேல் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

"ரொம்ப நன்றிக்கா."

"இன்னொன்னு. நீங்க என்னைவிட நாலு வயசு மூத்தவரு. இனிமே அக்கான்னு கூப்பிடாதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே படியேறி ஓடினார். பேனாவும் அவரோடு போயிற்று.

திரும்பும்போது அக்கா பேசவில்லை. அது அதிசயம் என்பதால் கேன்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"அந்த ஆளுக்கு ஒரு நன்றி சொல்லாம வந்துட்டேன்."

"அவருதானே உங்களுக்குச் சொல்லணும்?"

"அவர் சொல்லிட்டார். நான்தான் சொல்லல."

கேன்காரருக்குப் புரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் அவள் கையிலிருந்து காகிதத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள், கையால் மறைத்திருக்கிறார்கள். 'படிங்க' என்று நீட்டியவர் இவர் ஒருவர்தான், அதுவும் அவள் அவரை நடுத்தெருவில் நிறுத்திய பிறகு. லைசென்ஸ் மடியிலேயே இருந்தது. அதை அவள் படிக்கவில்லை.

கடையில் ஆறு பேர் வரிசையில் நின்று கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வசமா மாட்டினியா என்று அவர் கேட்டார். மாட்டினேன் என்றாள். பதிலுக்கு எறும்புப் பேச்சு வராததால் அவர் ஏமாந்துபோய், அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்து லிஃப்ட் மெக்கானிக் வந்தார். புதுச் செருப்பு. முதலில் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வேலை உத்தரவை மேஜை மேல் மல்லாக்க வைத்தார்.

"முதல்ல படிங்க, தங்கச்சி. அப்புறம் காப்பி எடுங்க."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா முதல் வரியிலிருந்து ஆஸ்பத்திரியின் முத்திரை வரைக்கும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். இரண்டு நகல் எடுத்தாள். "அன்னைக்கே சொல்லிருக்கணும். நன்றிண்ணே" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆனாலும் எட்டி, மெஷினின் மூடியைத் தானே தூக்கி, உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போனார்.