பவளத்தின் வால்

திருவொற்றியூரில் எங்கள் எதிர் வீட்டுக் குப்பம்மாவிடம் ஒரே ஒரு பசு. பெயர் பவளம். கன்று போட்டு வருஷம் தாண்டியும் மறுபடி சினை பிடிக்கவில்லை. பாலும் வற்றிக்கொண்டே வந்தது. அடுத்த தடவையும் தவறினால் மாட்டை விற்றுவிடுவதாக அவள் கணவன் தண்டபாணி சொல்லிவிட்டான். புழலிலிருந்து வியாபாரி ஒருவன் வந்து பவளத்தின் பல்லைப் பார்த்துவிட்டும் போனான்.

குப்பம்மா மீன்காரர் வீட்டுப் பெண். கவிச்சி பழகியவள்தான், ஆனால் அழுக்கு ஆகாது. விழித்ததும் பவளத்தின் வாலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள்.

மாட்டு டாக்டர் ஆண்ட்ரூ கையுறை போட்டு, பசுவுக்குள் கைவிட்டு, கண்களை மூடிக்கொண்டார்.

"முட்டைப்பை நல்லாத்தான் கீது. திராட்சை மாதிரி ஒரு கொப்புளம் வளந்துகினு வருது. உள்ள தண்ணி, தண்ணிக்குள்ள முட்டை. பழுத்தா தானா ஒடையும். அதுக்கு முன்னாடி சினை ஊசி போடணும்."

"எப்ப பழுக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றாள் குப்பம்மா.

"வால்கிட்ட கண்ணாடி மாதிரி வழவழன்னு கோழை தொங்கும். பாத்ததே இல்லியா?"

தண்டபாணி சிரித்தான். "இவ எங்க பாத்தா? மாடு லெட்டர் போட்டுகினே கீது. இவ கலீஜ்னு சாக்கடைல வுட்டுகினே கீறா."

"நீ சும்மா இரு மாமா."

அன்றோடு குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் பருவம் வந்து பசு கத்தினாலும் கேட்காது. அதனால் அதன் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மணலிப் பக்கத்து எண்ணெய் ஆலைச் சுடர் வானத்தில் செம்மையாகக் கரைந்திருக்கும். அவள் கண்கள் பாதி மூடியிருக்கும்.

"கனவுல வருதுக்கா," என்றாள் ஒரு நாள் என்னிடம். "பவளம் வயித்துக்குள்ள ஒரே இருட்டு. அதுல கடல்ல கொழகொழன்னு மெதக்குமே சொறிமீன், அது மாதிரி ஒன்னு மெதந்துகினே பெருசாவுது."

ஒரு விடியலில் வாலோரம் மெல்லிய ஒளியிழை ஒன்று தொங்கியது. தெருவிளக்கு அதற்குள் அசைந்தது. அவள் தொடவில்லை. மாலையில் ஆண்ட்ரூ வந்து ஊசி போட்டார். "இன்னும் ஒடையல. நல்ல நேரம். மூணு வாரத்துல மறுபடி தொங்குச்சின்னா சினை நிக்கலைன்னு அர்த்தம்," என்றார்.

மூன்று வாரம் கழித்து அந்த இழை வரவில்லை. வியாபாரியின் வண்டிதான் வந்தது. தண்டபாணி வாலைத் தூக்கிப் பார்த்தான். காய்ந்திருந்தது.

"வண்டிய திருப்புப்பா. டாக்டர் பாத்து சொல்லட்டும்."

பின்னொரு நாள் ஆண்ட்ரூ மறுபடி கைவிட்டு, கண் மூடி, "சினைதான்," என்று தலையசைத்தார். குப்பம்மா கவிழ்த்த குடத்தை நிமிர்த்தி, தண்ணீர் பிடித்து வந்து, பவளத்தின் வாலில் மெல்ல ஊற்றினாள்.