வட்டக்கோட்டை வழியில் உருகிய செருப்பு

பிப்ரவரி 7, சனிக்கிழமை, காலை 6.10. ஒரு பைக், இரண்டு பேர். மார்த்தாண்டத்திலிருந்து வட்டக்கோட்டைக்குச் சுமார் 55 கி.மீ. பின்னால் இருந்தவர் பெரியப்பா மகன் ஜோஸ் அண்ணன். மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். அடுத்த வாரம் மெடிக்கல் பரிசோதனையில் தேறினால்தான் திரும்பப் போக முடியும். அதற்குள் கோட்டையைப் பார்த்துவிட வேண்டுமாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பார்த்ததில்லை.

தாமதமாகக் கிளம்பாதீர்கள். ஹைவேயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும்.

சுசீந்திரம் தாண்டியதும் ரப்பர் கருகும் வாசனை. நான் மெக்கானிக்கல் படித்தவன். கிளட்ச், ஒயர், பிரேக் என்று கால் மணி நேரம் குடைந்தேன். ஒன்றுமில்லை. "வண்டிய வித்துப் போடுலே" என்றார் அண்ணன்.

கோட்டைக்கு 8.15. சரிவில் ஏறும்போது அவருடைய வலது செருப்பு கல்லில் ஒட்டி ஒட்டி வந்தது. கழற்றிப் பார்த்தால் குதிகால் பக்கம் உருகியிருந்தது. காலிலும் கொப்பளம், உடைந்திருந்தது. வழியெல்லாம் சைலென்சரில் கால் வைத்திருக்கிறார்.

"வலிக்கல்லியாண்ணே?"

"இல்லலே. கொஞ்ச நாளா காலு மரத்துதான் இருக்கு."

"சுகர் மாத்திர?"

"அத நிறுத்தியாச்சு. இப்ப சீனியே தொடுறதில்ல, கேட்டியா. எல்லாம் நம்ம ஊரு தேன்தான். மஸ்கட்டுக்கும் குப்பியில கொண்டு போனேன்."

தேனீப் பெட்டி வைக்கும் ஊர்க்காரர்களுக்கே உரிய தவறு இது. கடைச் சீனியைச் சந்தேகிப்போம். நம் ரப்பர் தோட்டத்துத் தேனைச் சந்தேகிக்க மாட்டோம்.

கோட்டையை அப்படியே விட்டுவிட்டு, கன்னியாகுமரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டுப் போட்ட நர்ஸ் சொன்னார்: "தேனும் சுகர ஏத்தும். மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. தினமும் பாதத்தப் பாருங்க. வலி சொல்லாது, கண்ணுதான் சொல்லணும்."

"மாத்திர தந்தாங்க. இத யாரும் சொல்லல்லியே" என்றார் அண்ணன்.

சுகாதாரக் கல்வி என்றால் பள்ளிச் சுவரில் எழுதும் வாசகம் என்றே நினைத்திருந்தேன். கிரேன் பிரேக்கை மிதிப்பது இந்த வலது கால். அதை நம்பி அண்ணி, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, பாதி கட்டிய வீட்டின் கொத்தனார், கிரேனுக்குக் கீழே வேலை செய்பவர்கள். ஐந்து நிமிடப் பேச்சு முன்பே கிடைத்திருந்தால் போதும். இப்போது புண் ஆறும்வரை மெடிக்கல் தள்ளிப்போகிறது. கம்பெனி காத்திருக்குமா, தெரியாது.

இனி நான் செய்யப்போவது:

1. பைக்கில் யாரை ஏற்றினாலும் கால் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது.
2. ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது ஐந்து நிமிடம் கேட்டு வாங்குவது. பேசப்போவது அண்ணன், அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. சம்மதித்துவிட்டார்.
3. அவருக்கு ஷூ வாங்குவது. இறுக்குகிறதா என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. காகிதத்தில் பாதத்தை வரைந்து எடுத்துப் போகிறேன்.